சந்தனக் கன்றைத் தனியாக நடாதீர்கள்

பெங்களூரு ராமமூர்த்தி நகர் வீட்டுக் கொல்லையில் நான் வைத்த முதல் சந்தனக் கன்று மூன்றே மாதத்தில் வெளுத்துக் காய்ந்துபோனது. தண்ணீரும் எருவும் ஒழுங்காகத்தான் கொடுத்தேன். பையில் கன்றோடு வளர்ந்திருந்த பொன்னாங்கண்ணியைக் களை என்று பிடுங்கிப் போட்டதுதான் தப்பு. அடுத்த கன்று வாங்கப் போனபோது, நர்சரியில் வேலை செய்யும் தருமபுரிக்காரர் சொன்னார்: "அக்கா, அது களை இல்ல. அதப் புடுங்கினா கன்னு பட்டினி கெடக்கும்."

சந்தனம் பாதி ஒட்டுண்ணி. பச்சை இலை இருப்பதால் மாவுச்சத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். நீரையும் தாது உப்புகளையும் பக்கத்துச் செடியின் வேரிலிருந்து உறிஞ்சும். ஜான் ஸ்காட் என்ற தாவரவியலாளர் 1871-லேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார்.

1. கன்று வாங்கும்போது பையில் துணைச்செடி இருக்கிறதா என்று பாருங்கள். தனியாக நிற்கும் கன்று எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் வேண்டாம்.

2. ஜூன், ஜூலை மழையில் நடுங்கள். ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி போதும். தண்ணீர் தேங்கும் இடம் ஆகவே ஆகாது, வேர் அழுகிவிடும். மண்கட்டி உடையாமல் பையைக் கிழித்து, பொன்னாங்கண்ணியோடு சேர்த்தே இறக்குங்கள்.

3. கன்றிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரண்டு பக்கமும் துவரை விதையுங்கள். சந்தனத்துக்கு இது அருமையான துணை. இளங்கன்றுக்கு வேண்டிய லேசான நிழலும் கிடைக்கும். ஆனால் துவரை வேகமாக வளர்ந்து கன்றை அமுக்கிவிடும். கன்றின் தலைக்கு மேல் போனால் கிளையைக் கழித்துவிடுங்கள், வேரோடு மட்டும் பிடுங்காதீர்கள்.

4. துவரை இரண்டு மூன்று வருஷத்துக்குத்தான். அதனால் நட்ட வருஷமே ஐந்தாறு அடி தள்ளி ஒரு சவுக்கோ புங்கமோ வைத்துவிடுங்கள்.



5. சில மாதம் கழித்து, துவரைக்கும் கன்றுக்கும் நடுவே மண்ணை விரலால் மெதுவாக விலக்கிப் பாருங்கள். சந்தன வேரின் பக்கத்தில் கிளைத்த சின்ன வெளிர்நிறக் குமிழ், சட்டைப் பொத்தான் மாதிரி துவரை வேரைக் கவ்வியிருக்கும். அதுதான் உறிஞ்சும் உறுப்பு. முதன்முதலில் அதைப் பார்த்த அன்று, செத்துப்போன கன்றை நினைத்து எனக்கு மனசு கனத்துவிட்டது. பார்த்ததும் மண்ணை மூடித் தண்ணீர் தெளியுங்கள். அந்த இடத்தில் இனி களைக்கொத்து படவே கூடாது.