வீட்டு அலுவலகத்தை ஒழுங்கு செய்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் அறையை ஒழுங்கு செய்ய நினைத்ததும் முதலில் கடைக்குப் போய் டப்பா வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பிளாஸ்டிக் டிரே ஆறு, மூடி போட்ட பெட்டி நான்கு, பேனா ஸ்டாண்ட் ஒன்று. மூன்று மாதத்தில் பெட்டிகள் நிரம்பி, மூடி மேலும் காகிதம் ஏறிவிட்டது. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பது எனக்கே தெரியவில்லை. வேண்டாததைக் கழித்து, மிஞ்சுவது எவ்வளவு என்று பார்த்த பிறகு வாங்குவதே சரி. பெரும்பாலும் வாங்கவே வேண்டியிருக்காது. செருப்பு வந்த அட்டைப் பெட்டியும் காலியான காபித்தூள் பாட்டிலும் போதும்.

இதைவிடப் பெரிய தவறு, நம் சுபாவம் என்ன என்று பார்க்காமல் அடுத்தவர் மேசையை அப்படியே காப்பியடிப்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரே அறையில் நானும் என் கணவரும் வேலை பார்க்கிறோம். நான் மொழிபெயர்ப்பு செய்கிறேன், அவர் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார். அவர் மேசை மேல் லேப்டாப்பைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. ஒரு ரசீது கண்ணில் பட்டாலும் மனசு அதன் பின்னாலேயே போய்விடும் என்பார். எனக்கு நேர் எதிர். கண்ணில் படாத வேலை எனக்கு நினைவிலேயே இருக்காது. அவருடைய மேசை அழகாக இருக்கிறதே என்று ஒருமுறை என்னுடையதை எல்லாம் டிராயருக்குள் போட்டு மூடினேன். மேசை பளிச்சென்று ஆனது. ஆனால் முடித்துக் கொடுத்த வேலைக்கு அனுப்ப வேண்டிய பில் இரண்டு மாதம் டிராயரிலேயே கிடந்தது.

தாமஸ் மலோன் என்ற ஆய்வாளர் 1983-இல், மக்கள் அலுவலக மேசையை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்து எழுதினார். மேசை மேல் இருக்கும் காகிதக் குவியல், தேடி எடுப்பதற்கு மட்டும் இல்லை, ‘இந்த வேலை பாக்கி இருக்கிறது’ என்று நினைவுபடுத்தவும்தான் என்பது அதில் முக்கியமான விஷயம். அதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குப் பெரிய நிம்மதி. குவித்து வைப்பதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து வருந்துகிறவர்கள் நிறையப் பேர். அந்தக் குவியலை ஒழிக்க வேண்டாம், அதற்கு ஓர் உருவம் கொடுத்தால் போதும். நடப்பு வேலைக்குத் திறந்த டிரே, உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி கண்ணாடிக் கவர், சுவரில் ஒரு கயிறு கட்டி நாலு கிளிப். முடிந்த வேலை மட்டும் உள்ளே போகட்டும்.

குவியல் வளர்ந்துகொண்டே போகிறதா? ஜப்பானியப் பொருளாதார அறிஞர் யுகியோ நொகுச்சி சொன்ன வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வேலையின் தாள்களையும் ஒரு பெரிய கவரில் போட்டு, பெயர் எழுதி, அலமாரியில் வரிசையாக நிறுத்த வேண்டும். எடுத்துப் பார்த்த கவரை மறுபடி வைக்கும்போது இடது ஓரத்தில் வைக்க வேண்டும். அவ்வளவுதான். சில மாதத்தில், தொடாத கவர்கள் தாமாகவே வலது ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். வேண்டுமா வேண்டாமா என்று முதலில் பார்க்க வேண்டியவை அவைதான்.

உங்கள் சுபாவம் எது என்று தெரியாவிட்டால் ஒரு வாரம் எதையும் ஒழுங்கு செய்யாமல் கவனியுங்கள். சாவி எங்கே விழுகிறது, மூக்குக்கண்ணாடியை எங்கே கழற்றி வைக்கிறீர்கள், கூரியர் கவரைப் பிரித்து எங்கே போடுகிறீர்கள்? டிரேயை அங்கேயே வையுங்கள். கை பழகிய இடத்தை மாற்றுவது மிகவும் கஷ்டம்.

பிரிவுகளை அதிகமாக்குவதும் இப்படித்தான். நுணுக்கமாகப் பிரிப்பதில் ஆசை உள்ளவருக்கு இருபது ஃபைல் இருந்தாலும் சரியாக நடக்கும். மற்றவர்களுக்கு ‘செய்ய வேண்டியது’, ‘பத்திரமாக வைக்க வேண்டியது’, ‘பிறகு பார்க்கலாம்’ என்று மூன்று போதும்.

அப்புறம் காகிதத்தைக் கழிப்பது. உற்சாகத்தில் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஜிஎஸ்டி பதிவு செய்து தொழில் நடத்துகிறவர்கள், அந்தந்த ஆண்டுக்கான ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்னைத் தாக்கல் செய்ய வேண்டிய கெடு நாளிலிருந்து 72 மாதம் வரை கணக்குகளை வைத்திருக்க வேண்டும். வாரண்டி பில்களைத் தனியாகப் பாருங்கள். வழுவழுப்பான மெல்லிய தாளில் தருகிறார்களே, அது சூட்டில் எழுத்து வரும் தாள். நம் ஊர் வெயிலில் நாளாக ஆக எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். பத்திரப்படுத்துகிறேன் என்று அதை லேமினேட் செய்தால் அந்தச் சூட்டிலேயே கறுத்துப் போகும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், போனிலும் ஒரு படம் இருக்கட்டும்.

ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் நகல்களை அப்படியே பழைய பேப்பர் கடைக்கு அனுப்புவது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயம். அந்தத் தாள் நாளைக்கு யார் கையில் பொட்டலமாகப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. எண் இருக்கும் இடத்தைப் பொடியாகக் கிழித்து, ஒரு இரவு வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கிவிட்டால் போதும்.

பழைய போன், பவர் பேங்க் எல்லாம் டிராயரின் அடியில் கிடக்கும். பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ சார்ஜ் போட்டுப் பார்க்கவோ வேண்டாம், வீட்டுக் குப்பையிலும் போடாதீர்கள். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட நினைப்பதும் தவறு. காலையில் மொத்த அறையையும் தரையில் கொட்டுவோம். மதியத்துக்குள் களைத்துவிடுவோம். ராத்திரி படுக்க இடம் வேண்டுமே என்று கிடைத்த பெட்டியில் அள்ளித் திணிப்போம். ஒரு நாளைக்கு ஒரு டிராயர் என்று எடுங்கள். உடன் இருப்பவரின் பொருளை அவரைக் கேட்காமல் தூக்கிப் போடாதீர்கள், அது எவ்வளவு பழையதாக இருந்தாலும். போகிக்கு முதல் நாள் நடக்கும் சண்டைகளில் பாதி இதனால்தான்.

எங்கள் அறையில் கடைசியில் சரிப்பட்டு வந்தது ஒரு புத்தக அலமாரி. இரண்டு மேசைக்கும் நடுவில், அதன் முதுகு அவர் பக்கம் இருக்கிற மாதிரி நிறுத்தினோம். அவர் நிமிர்ந்தால் வெறும் பலகை தெரியும். நான் நிமிர்ந்தால் என் கவர்கள் வரிசையாகத் தெரியும். மின்விசிறிக் காற்று நேராகப் படாததால் என் தாள்களும் இப்போது பறப்பதில்லை. இருவருக்கும் பொதுவான பிரிண்டர் மேல் மட்டும் யாரும் எதுவும் வைப்பதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம்.