எந்தத் தீவில் மலையேறலாம்? முதலில் மாதத்தைப் பாருங்கள்

வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்கு ட்ரெக்கிங் போகலாம் என்று நினைக்கிறவர்களில் பாதிப் பேர் படங்களைப் பார்த்துத் தீவை முடிவு செய்துவிட்டு, டிக்கெட்டும் போட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் அங்கே அந்த மாதம் மழை எப்படி என்று தேடுகிறார்கள். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். உங்களுக்கு லீவு கிடைக்கும் மாதம் எது, அந்த மாதத்தில் எந்தத் தீவின் மலைப்பாதை நடக்கிற நிலைமையில் இருக்கும், இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பாதித் தீவுகள் தானாகவே பட்டியலிலிருந்து கழன்றுவிடும். மிச்சத்தில் எது அழகு என்று நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் லீவு என்றால் தெற்கு அரைக்கோளத்துத் தீவுகளைப் பாருங்கள். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியனுக்கும் இந்தோனேசியாவின் லொம்போக்குக்கும் அதுதான் வறண்ட காலம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை என்றால் இலங்கையின் மத்திய மலைநாடு, கரீபியனில் டொமினிக்கா, மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் கேப் வெர்டேயின் சான்டோ அன்டாவ் தீவு. இதை மாற்றிச் செய்தால் நடக்கவே முடியாமல் போகலாம்: லொம்போக்கின் ரிஞ்சானி மலைப்பாதையை வழக்கமாக ஜனவரி முதல் மார்ச் வரை மூடியே வைக்கிறார்கள். டொமினிக்காவில் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், 2017 செப்டம்பரில் மரியா புயல் அந்தத் தீவையே புரட்டிப் போட்டது. ரீயூனியனில் 1966ஆம் ஆண்டு ஒரு புயலின்போது 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டியிருக்கிறது, உலக சாதனை அது. அங்கே புயல் வரும் மாதங்கள் ஏறத்தாழ நவம்பர் முதல் ஏப்ரல் வரை, அந்த மாதங்களில் மலைப்பக்கம் திட்டம் போடாதீர்கள்.

மாதம் சரியாக இருந்தாலும் தீவின் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். உயரமான தீவுகளில் காற்று வந்து மோதும் பக்கம் மேகம் தங்கி மழை பெய்துகொண்டே இருக்கும், மறுபக்கம் காய்ந்து கிடக்கும், சில தீவுகளில் இரண்டுக்கும் நடுவே அதிகத் தூரம்கூட இருக்காது. சான்டோ அன்டாவில் இது கண்கூடாகத் தெரியும்: வடகிழக்கில் பால் பள்ளத்தாக்கு கரும்பும் வாழையுமாகப் பசேல் என்றிருக்கும், தென்மேற்கு முழுக்கக் கிட்டத்தட்டப் பாலைவனம். ஆகவே தீவின் சராசரி மழை எவ்வளவு என்று பார்ப்பதில் பயனில்லை, நீங்கள் நடக்கப்போகும் பாதைக்குப் பக்கத்து ஊரின் மழை அளவைத் தேடிப் பாருங்கள்.

அடுத்தது உயரம். மாலத்தீவு போன்ற பவளத் தீவுகள் கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர்தான் உயரம், அங்கே மலையேற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நடக்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பெரும்பாலும் எரிமலைத் தீவுகள்தான் சரி. ஆனால் உயரமான தீவு என்றவுடன் பெருமைக்காக உச்சிக்குப் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 6 டிகிரி குளிர் கூடும், கீழே கடற்கரையில் வியர்த்துக்கொண்டிருந்தவர் ரீயூனியனின் பிட்டோன் தெ நேஜ் உச்சியில் (3,070 மீட்டர்) ஜூலை விடியற்காலையில் பல் கிட்டித்து நிற்க வேண்டியிருக்கும். போர்னியோவின் கினபாலு 4,095 மீட்டர், அந்த உயரத்தில் தலைவலியும் குமட்டலும் வர வாய்ப்பு உண்டு.

தூரத்தை மட்டும் பார்த்துப் பாதையை எடைபோடாதீர்கள். கினபாலுவில் தொடக்கத்திலிருந்து உச்சி வரை ஒரு வழிக்கு 9 கிலோமீட்டருக்கும் குறைவு, ஆனால் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், அதனால்தான் நடுவில் ஓர் இரவு தங்கி, அதிகாலை 2 மணி போல எழுந்து மீதியை ஏறுகிறார்கள். வேர்களும் சேறும் வழுக்குப் பாறையும் நிறைந்த பாதையில் மணிக்கு 2 கிலோமீட்டர் நடந்தாலே நல்ல வேகம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வருஷம் முழுக்கப் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான், சூரியன் மறைந்ததும் சட்டென்று இருட்டிவிடும். வழியில் தாமதிக்க இடம் கிடையாது, காலையில் சீக்கிரம் கிளம்பியே ஆக வேண்டும்.

இப்போது, பலர் யோசிக்காத ஒரு கேள்வி: இரவு எங்கே படுக்கப் போகிறீர்கள்? என்னைக் கேட்டால் மாதத்துக்கு அடுத்தபடி தீவை முடிவு செய்ய வேண்டியது இதுதான்.

கூடாரத்தில் படுத்து, எல்லாவற்றையும் முதுகில் சுமந்து நடக்கப் பிடிக்கும் என்றால் ஹவாயின் கவாய் தீவில் கலலாவ் பாதை இருக்கிறது. கடலோரச் செங்குத்துச் சரிவுகளை ஒட்டி ஒரு வழி 18 கிலோமீட்டர், முன்கூட்டியே அனுமதி வாங்காமல் முழுப் பாதைக்கும் போக முடியாது, அது சீக்கிரம் தீர்ந்தும் விடும். உயரத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு அந்தப் பாதை வேண்டாம், சில இடங்களில் ஒரு பக்கம் நேராகக் கடல்.

சுமை குறைவாக இருக்கட்டும், இரவு சூடான சாப்பாடும் படுக்கையும் கிடைக்கட்டும், அதே சமயம் நாள்கணக்கில் நடந்துகொண்டே போக வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு ரீயூனியனைவிட நல்ல தீவு எனக்குத் தெரியாது. அங்கே மஃபாத் என்று ஒரு பெரிய கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு, சுற்றிலும் சுவர் மாதிரி மலை, உள்ளே சிற்றூர்கள், சாலையே கிடையாது. நடந்து போகலாம், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். ஊருக்கு ஊர் தங்கும் விடுதிகள் இருக்கின்றன, முன்பதிவு செய்துவிட்டால் ஒரு சின்னப் பையோடு மூன்று நான்கு நாள் சுற்றலாம். தீவை வடக்கிலிருந்து தெற்காகக் கடக்கும் நீண்ட பாதையும் உண்டு. பாதைகள் நன்றாகக் குறியிடப்பட்டவை, ஆனால் ஏற்ற இறக்கம் கொஞ்சமும் இரக்கம் காட்டாது, முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். பிட்டோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை அடிக்கடி வெடிக்கும், அப்போது அதன் உள்பகுதிக்குப் போகும் வழியை மூடிவிடுவார்கள்.

பகலில் நடந்துவிட்டு இரவு ஊரில் தங்க விரும்புகிறவர்கள், பெரியவர்களையோ பிள்ளைகளையோ கூட்டிப்போகிறவர்கள் இலங்கையைப் பார்க்கலாம். கண்டி, அட்டன், எல்ல, நுவரெலியா என்று தேயிலைத் தோட்டங்கள் வழியாகப் போகும் பீகோ டிரெயில் 300 கிலோமீட்டருக்கு மேல், 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள், எத்தனை முடியுமோ அத்தனை நடந்துவிட்டு ரயிலிலோ பஸ்ஸிலோ திரும்பிவிடலாம். தோட்டங்களில் தமிழிலேயே வழி கேட்கலாம் என்பது பெரிய நிம்மதி. சிவனொளிபாதமலை 2,243 மீட்டர், முழுக்கப் படிக்கட்டு, டிசம்பர் முதல் மே வரையிலான யாத்திரைக் காலத்தில் இரவில் விளக்கு எரியும். கூட்டத்தோடு ஏறுவது பிடிக்காதவர்கள் அந்தக் காலத்திலும் வார நாளாகப் பார்த்து, பௌர்ணமியைத் தவிர்த்துப் போங்கள்.

வழிகாட்டி இல்லாமல் உங்கள் பாட்டுக்கு நடக்க வேண்டும் என்பது முக்கியமாக இருந்தால் கினபாலுவை விட்டுவிடுங்கள், அங்கே வழிகாட்டி கட்டாயம், ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற கணக்கும் உண்டு, பல மாதம் முன்பே பதிவு செய்தாக வேண்டும். டொமினிக்காவில் கொதிக்கும் ஏரிக்குப் போகிறவர்களும் வழிகாட்டி வைத்துக்கொள்வது நல்லது, வழியில் நிலமே ஆவி விடும், போய்வர ஒரு முழு நாள் ஆகும்.

பூச்சி, பாம்பு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், உண்மையில் அதிகம் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஓடை சில நிமிடத்தில் ஆறாகிவிடும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் பாதையில் பாலமில்லாத ஓடைகள் எத்தனை என்று முன்பே பாருங்கள், நிறைய இருந்தால் ஒன்றிரண்டு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கலங்கி ஏறுகிறது என்றால் இறங்காமல் வடியும் வரை காத்திருங்கள். காலில் கீறல் இருந்தால் ஓடையில் ஊறிக் குளிக்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படிப் பரவக்கூடும்.

காப்பீடு எடுக்கும்போது எந்த உயரம் வரை ஈடு கிடைக்கும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள், சில பாலிசிகள் 3,000 மீட்டரோடு நின்றுவிடும். அப்புறம் விமான டிக்கெட்டுக்கு முன்னால் விடுதி அல்லது அனுமதி கிடைக்கிறதா என்று பாருங்கள். மஃபாத்தில் படுக்கையும் கலலாவில் அனுமதியும் இல்லாமல் தீவுக்குப் போய்ச் சேர்ந்தால், பேருந்து ஜன்னல் வழியாகத்தான் மலையைப் பார்க்க வேண்டியிருக்கும்.