விஎஃப்ஐஓ டிரைவரின் குறுக்கீட்டுப் பேட்சை மதிப்பாய்வு செய்யும் முறை

லினக்ஸில் ஒரு பிசிஐ சாதனத்தை மெய்நிகர் கணினியிடம் நேரடியாக ஒப்படைக்க உதவும் விஎஃப்ஐஓ டிரைவர், சாதனம் கவனம் கேட்டு எழுப்பும் குறுக்கீட்டை (இன்டரப்ட்) ஈவன்ட்எஃப்டி எனும் கெர்னலின் அறிவிப்புப் பொருள் வழியாகத் தெரிவிக்கிறது. லினக்ஸின் மெய்நிகராக்கப் பகுதியான கேவிஎம் அதைப் பெற்று, மெய்நிகர் கணினியில் ஓடும் விருந்தினர் இயங்குதளத்துக்குள் செலுத்துகிறது. இந்தப் பாதையைத் தொடும் பேட்ச் (நிரல் திருத்தம்) வந்தால், மாறிய வரிகளை மட்டும் படித்து முடிவுக்கு வராதீர்கள். குறுக்கீடுகளைக் கையாளும் கோப்பு முழுவதையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்ச் தொடாத வரிகளோடு சேரும்போதே இங்குள்ள பிழைகள் பல வெளிப்படுகின்றன.

முதலில் விடுவிப்பின் வரிசையைப் பாருங்கள். குறுக்கீட்டைப் பதிவிலிருந்து நீக்கும் ஃப்ரீ_ஐஆர்கியூ, ஓடிக்கொண்டிருக்கும் கையாளி (குறுக்கீடு வரும்போது இயங்கும் செயல்கூறு) முடியும்வரை காத்திருக்கும். ஆகவே அதற்குப் பிறகுதான் ஈவன்ட்எஃப்டியை விடுவிக்க வேண்டும். வரிசை மாறினால், வேறொரு சிபியுவில் இன்னும் ஓடும் கையாளி ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொட்டுவிடும். ஃப்ரீ_ஐஆர்கியூ காத்திருக்கும் அழைப்பு என்பதால், பிடித்திருக்கும்போது உறங்கக் கூடாத பூட்டான ஸ்பின்லாக்கைப் பிடித்தபடி அதை அழைக்கவும் கூடாது. பாதுகாப்புக் கருதி லாக்கின் எல்லையை விரித்திருக்கும் பேட்சுகளில் இந்தத் தவறு எளிதில் நுழையும்.

அடுத்தது ஐஎன்டிஎக்ஸ் எனும் பழைய குறுக்கீட்டு முறை. புதிய முறையான எம்எஸ்ஐ-எக்ஸ் ஒரு செய்தியை அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடும்; ஐஎன்டிஎக்ஸோ சாதனத்தைக் கவனிக்கும்வரை எழுந்த நிலையிலேயே நிற்கும். எனவே கையாளி முதலில் அதை மறைத்து (தற்காலிகமாகத் தடுத்து), பிறகு ஈவன்ட்எஃப்டிக்குச் சைகை அனுப்ப வேண்டும். விருந்தினர் வேலையை முடித்த பின்பே மறைப்பு விலக வேண்டும். மறைக்கத் தவறினால் மெய்நிகர் கணினியைத் தாங்கும் ஹோஸ்ட் குறுக்கீடுகளில் மூழ்கும். விலக்கத் தவறினால் சாதனம் ஊமையாகிவிடும். ஈவன்ட்எஃப்டி அமைக்கப்படாத நேரத்திலும் பயனர் நிரல் குறுக்கீடுகளை அமைக்கப் பயன்படுத்தும் எஸ்இடி_ஐஆர்கியூஎஸ் அழைப்பு வரலாம் என்பதை மறக்காதீர்கள். சிவிஇ-2024-26812 என்று பட்டியலிடப்பட்ட பாதுகாப்புக் குறை இப்படித்தான் உருவானது: ஈவன்ட்எஃப்டியை நீக்கிய பிறகும் வெற்றுச் சுட்டிக்குச் சைகை அனுப்பும் வழி திறந்திருந்தது. கையாளியை நிலையாகப் பதிந்து வைத்து, சைகை அனுப்புமுன் சுட்டியைச் சரிபார்ப்பதே அதற்கான தீர்வாயிற்று.

பயனர் நிரல் தரும் குறுக்கீடுகளின் தொடக்க எண்ணையும் எண்ணிக்கையையும் கூட்டி ஒப்பிடும் வரி தென்பட்டால், கூட்டுத்தொகை நிரம்பி வழியுமா என்று கேளுங்கள். 2016இல் இதே டிரைவரில் முழு எண் வழிவுப் பிழைகள் திருத்தப்பட்டன. தொடக்க எண் வரம்புக்குள் இருப்பதை முதலில் உறுதிசெய்து, எஞ்சிய இடத்தோடு எண்ணிக்கையை ஒப்பிடுவதே சரி.

சோதனைக்கு, பூட்டுப் பிழைகளைக் கண்டறியும் லாக்டெப்பையும், உறங்கக் கூடாத இடத்தில் உறங்கும் அழைப்புகளைப் பிடிக்கும் அணு நிலை உறக்கச் சோதனையையும் இயக்கிய கெர்னல் வேண்டும். விருந்தினரை பிசிஐ=நோஎம்எஸ்ஐ என்ற துவக்க விருப்பத்தோடு இயக்கினால் சாதனம் ஐஎன்டிஎக்ஸுக்குத் தள்ளப்படும்; பலரும் சோதிக்காமல் விட்டுவிடும் பாதை அதுவே. நெட்வொர்க் கார்டில் போக்குவரத்து ஓடும்போதே ஈவன்ட்எஃப்டிகளை மீண்டும் மீண்டும் அமைத்தும் நீக்கியும் பாருங்கள்.