பழைய செயின் ரம்பம்: பெயரைச் சொல்லித் தேடாதீர்கள், எண்ணைச் சொல்லித் தேடுங்கள்

தாண்டிக்குடியில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், வாடிப்பட்டியில் உள்ள என் பட்டறைக்கு ஸ்டில் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் 070 ரம்பம் ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா வாங்கியதாம். உதிரிபாகம் கிடைக்காது, எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று மூன்று இடங்களில் சொல்லிவிட்டார்களாம். எனக்குக் கோபம்தான் வந்தது. 106 சிசி எஞ்சின் அது. புளியமரத்தின் அடிமரத்தையே அறுக்கும். அதைப் பழைய இரும்பாக்குவது பாவம்.

எந்த ரம்பமானாலும் முதலில் மண்ணெண்ணெய் ஊற்றித் துலக்குங்கள். வார்ப்பில் உள்ள எண்கள் அப்போதுதான் தெரியும். ஸ்டில் பாக எண்ணுக்கு 11 இலக்கங்கள். முதல் நான்கு இலக்கங்கள் எந்த ரம்ப வரிசை என்பதைச் சொல்லும்: 070, 090 இரண்டுக்கும் 1106, 041-க்கு 1110. வார்ப்பு எண்ணின் கடைசி இலக்கங்கள் கடை எண்ணிலிருந்து மாறுபடலாம், முதல் நான்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதோடு அளக்கவும் வேண்டும். 1106 என்று கேட்டு வாங்கிய பிஸ்டன் 66 மி.மீ. இருந்தால் அது 090-க்கானது. 070-க்கு 58 மி.மீ. வெர்னியர் இல்லாமல் பாகம் வாங்கப் போகாதீர்கள்.

பேரிங், ஆயில் சீல் இரண்டுக்கும் ரம்பக் கடையே தேவையில்லை. பேரிங்கின் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிமன் 12 மி.மீ. மதுரையில் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். எஞ்சினுக்கு என்பதால் சி3 இடைவெளி (சூட்டில் விரிய உள்ளே சற்றுக் கூடுதல் இடம்) உள்ளதாகக் கேளுங்கள். சீலுக்கும் இதே மூன்று அளவுகள் போதும். மரம் அறுக்கும் இயந்திரத்துக்கு என்று கேட்டால் இல்லை என்பார்கள். அளவைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள்.

இனி சிலிண்டர். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். நான் முதன்முதலில் எடுத்த 070-ன் சிலிண்டரில் கோடு விழுந்திருந்தது. பைக் சிலிண்டரைப் போல நினைத்து ஒரு லேத் பட்டறையில் போரிங் போட, அதாவது உள்சுவரைக் கடைந்து அகலமாக்கக் கொடுத்தேன். அழகாகக் கடைந்து கொடுத்தார்கள், அதோடு அது செத்தது. 070-ன் சிலிண்டர் அலுமினியம். உள்ளே மெல்லிய குரோம் பூச்சு மட்டும்தான். அதைக் கடைந்தால் பிஸ்டன் வெறும் அலுமினியத்தில் உரசி உடனே இறுகிவிடும். உள்சுவரில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு லைனர், போரிங் போடலாம். ஒட்டாவிட்டால் லேத் பக்கமே போகாதீர்கள்.

பல நேரங்களில் கோடு என்று நாம் நினைப்பது, உருகிய பிஸ்டன் அலுமினியம் சுவரில் அப்பிக்கொண்டதுதான். கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டு, காஸ்டிக் சோடாக் கரைசலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, அப்பிய இடத்தில் மட்டும் தடவுங்கள். நுரைக்கும், கறுப்பாக வழியும். நுரை அடங்கியதும் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவினால் கீழே குரோம் பளபளக்கும். கழுவித் தடவியும் நுரை அடங்காமலே இருந்தால் பூச்சு போய்விட்டது, அடி உலோகம் கரைகிறது என்று பொருள். உடனே கழுவிவிட்டு வேறு சிலிண்டர் தேடுங்கள். 070-ஐச் சீனாவில் நகலெடுத்துச் செய்வதால் சிலிண்டரும் பிஸ்டனும் புதிதாகவே கிடைக்கின்றன. அவற்றோடு வரும் பிஸ்டன் வளையத்தை மட்டும் நான் நம்புவதில்லை. தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து, முனைகளுக்கு நடுவே 0.2 முதல் 0.4 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாட்டுவேன்.

பூட்டியதும் காற்றுக் கசிவைப் பாருங்கள். சைக்கிள் டியூப் துண்டுகளால் சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் அடைத்து, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பல்பை பிளக் துளை வழியே இணைத்து, அந்தக் கருவியின் முள் 250 காட்டும்வரை ஏற்றுங்கள். முள் இறங்கினால் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வரும் இடத்தில் கசிவு. பழைய சீல் கசிந்தால் கலவையில் காற்று கூடி, புது பிஸ்டனும் இறுகிவிடும்.

பிளைவீலைச் சுத்தியலால் தட்டிக் கழற்றாதீர்கள், புல்லர் போடுங்கள். நட்டைத் திருப்பும்போது பிஸ்டன் நகராமலிருக்க, பிளக் துளை வழியே நைலான் கயிற்றை உள்ளே திணிக்கலாம். பிஸ்டன் மேலேறிப் புகைவழியை மூடிய பிறகே திணிக்க வேண்டும். இல்லாவிட்டால் கயிறு அந்த வழியில் சிக்கி அறுபடும். கிளட்ச் பெரும்பாலும் இடது மரை. தீப்பொறிக்கான காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளி 0.35, பிளக் 0.5 மி.மீ. பொறி தரும் காயில் போயிருந்தால் ரீவைண்டிங் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

கார்புரேட்டர் உடலில் பொறித்த எழுத்தையும் எண்ணையும் சொல்லி டயாபிரம் கிட் வாங்குங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பரை அது கெடுக்கும். வேலை முடிந்ததும் டாங்கியை வடித்து, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். பெட்ரோலில் கலப்பது சாதாரண 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் என்றால் லிட்டருக்கு 40 மி.லி.

இந்த வகை ரம்பத்தில் செயின் பிரேக் கிடையாது. பிளேடின் மூக்கு மரத்தில் இடித்தால் முகத்தை நோக்கி எகிறும். தரையில் வைத்து, பின்பிடிக்குள் பூட்ஸ் காலை விட்டு மிதித்துக்கொண்டுதான் கயிற்றை இழுக்க வேண்டும். தாண்டிக்குடிக்காரர் அப்படித்தான் இழுத்தார். நான்காவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. முதல் இரண்டு டாங்கிக்கு கார்புரேட்டரின் எச் திருகை (முழு வேகத்தில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்துவது) கொஞ்சம் கூடுதலாகத் திறந்தே வைத்துக் கொடுத்தனுப்பினேன்.