கௌபாய் போட்டியில் டைமரைக் கையில் வாங்கும் முன்

அமெரிக்காவில் 1987-இல் உருவான சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டியின் விதிகளின்படி நடக்கும் கௌபாய் போட்டிகளில் (பழைய கௌபாய் காலப் பாணித் துப்பாக்கிகளால் இலக்குகளை வேகமாகச் சுடும் விளையாட்டு), சுடுபவரின் தோளருகே டைமருடன் அதிகாரி ஒருவர் நிற்பார். நேரம் குறிப்பது அவர் வேலையில் சிறு பகுதிதான். சுடுபவரை ஒரு கட்டத்தின், அதாவது போட்டியின் ஒரு சுற்றின், தொடக்கத்திலிருந்து முடிவு வரை பத்திரமாகக் கொண்டுசேர்ப்பதே பெரும்பகுதி. அந்த இடத்தில் முதன்முறையாக நிற்கப் போகிறவர்களுக்கு இது. அமைப்பு நடத்தும் பாதுகாப்பு வகுப்பை முடித்துவிட்டு வாருங்கள். படித்து மட்டும் வருகிற வேலை இல்லை.

1. தோட்டா நிரப்பும் மேசை

ஒருவருக்கு நான்கு துப்பாக்கிகள்: இரண்டு ரிவால்வர், ஒரு லீவர் ரைபிள் (நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றுவது), ஒரு ஷாட்கன். ரிவால்வரில் ஆறு அறைகள் இருந்தாலும் ஐந்து தோட்டாக்கள்தான். சுத்தியல் (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் பகுதி) காலி அறையின்மேல் இறங்கியிருக்க வேண்டும். பழைய வடிவமைப்பில் சுத்தியலின் முனை நேரே தோட்டாவின்மேல் உட்காரும். கீழே விழுந்து அடிபட்டால் வெடித்துவிடலாம். ரைபிளின் சுடும் அறையும் காலியாக இருக்க வேண்டும். ஷாட்கன் காலியாக, திறந்தபடி வரும். இவற்றைச் சரிபார்க்க மேசையில் தனியாக ஒருவர் உண்டு.

2. குரல்

கண்ணாடியும் காதடைப்பும் உங்களுக்கும் கட்டாயம். எஃகுத் தகட்டில் பட்ட ஈயத் துணுக்கு அதிகாரி என்று பார்த்து ஒதுங்காது. கட்டம் புரிந்ததா என்று கேளுங்கள். தயங்கினால் பொறுமையாக விளக்குங்கள். பிறகு “ஷூட்டர் ரெடி?”, “ஸ்டாண்ட் பை”, அடுத்து பீப். எல்லோருக்கும் ஒரே சொற்கள், ஒரே தொனி. வேடிக்கைப் பேச்செல்லாம் வரிசையில் நிற்கும்போது.

3. கண் எங்கே இருக்க வேண்டும்

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். தகடு ‘டிங்’ என்றதும் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பும். திரும்பக் கூடாது. பட்டதா, படவில்லையா என்று எண்ண மூன்று பேர் நிற்கிறார்கள். அவர்களில் இருவர் சொல்வதே முடிவு. உங்கள் கண் துப்பாக்கியை விட்டு நகர வேண்டாம்.

வலக்கைக்காரர் என்றால் பெரும்பாலும் அவருக்கு வலப்பக்கம், சற்றே பின்னால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நில்லுங்கள். குழல் வாய் 170 பாகைக்குள், அதாவது நேர் முன்திசையிலிருந்து பக்கத்துக்கு 85 பாகைக்குள் இருக்க வேண்டும். இது மீறப்படுவது பெரும்பாலும் சுடும்போது அல்ல. இடுப்பின் குறுக்கே செருகிய உறையிலிருந்து ரிவால்வரை உருவும் நொடியைக் கவனியுங்கள்: உடலைத் திருப்பி நிற்காமல் அப்படியே இழுத்தால், குழல் பக்கவாட்டில் நிற்பவர்களை நோக்கிவிடும். இன்னொரு நொடி, ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு ரைபிளுடன் நகரும்போது. அவர் நகர்ந்தால் நீங்களும் நகருங்கள். வழியை மட்டும் மறிக்காதீர்கள்.

அடுத்த இலக்கை மறந்து விழிப்பவருக்கு “இடது தகடு” என்று சொல்லலாம். இந்தப் போட்டியில் அப்படி உதவுவது குற்றமில்லை. ஆனால் தவறாகச் சொல்லிக் குழப்பினால் பழி உங்கள்மேல் வரும். ஓயாமல் பேசும் அதிகாரியை யாருக்கும் பிடிக்காது என்பதும் உண்மை.

4. சத்தம் மாறினால்

வழக்கமான வெடிச்சத்தத்துக்குப் பதிலாக மெலிதாக ஒரு ‘புஸ்’. தகட்டில் சத்தமில்லை. கையில் அதிர்வும் குறைவு. குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். சுடுபவரின் கட்டைவிரல் அதற்குள் சுத்தியலை மறுபடி இழுத்திருக்கும். அடுத்த குண்டு போனால் குழல் வீங்கும், வெடிக்கவும் வெடிக்கும். யோசிக்காமல் “நிறுத்து!” என்று கத்துங்கள். அந்தத் துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைக்கச் சொல்லி, அடுத்ததை எடுத்துத் தொடரச் செய்யுங்கள். பின்னர் குழல் சுத்தமாகவே இருந்தது என்று தெரிந்தால் அவர் அந்தக் கட்டத்தை மீண்டும் சுடலாம். ஆகவே சந்தேகம் வந்தாலே நிறுத்தத் தயங்க வேண்டியதில்லை.

5. தண்டனை

தவறிய இலக்குக்கு 5 நொடி அவர் நேரத்தோடு கூடும். சுட வேண்டிய வரிசை மாறினாலும், சிறு பாதுகாப்புப் பிழை நேர்ந்தாலும் 10 நொடி. 170 பாகையை மீறினால் அந்தக் கட்டத்திலிருந்து நீக்கம். தோட்டா உள்ள துப்பாக்கியைக் கீழே போட்டாலோ, அதை யார்மேலாவது காட்டினாலோ போட்டியிலிருந்தே நீக்கம். பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும்; “மீறியிருப்பார்” என்ற ஊகத்துக்கு இடமில்லை, ஐயத்தின் பலன் சுடுபவருக்கே. ஆனால் கண்ணால் பார்த்துவிட்டால் பழகிய நண்பராயினும் விடாதீர்கள்.

6. கடைசித் தோட்டாவுக்குப் பிறகு

ரைபிளும் ஷாட்கனும் திறந்தபடி, காலியாகத்தான் மேசையைவிட்டு வர வேண்டும். கடைசி வெடிச்சத்தத்தை டைமர் பிடித்ததா என்று பார்த்து நேரத்தை உரக்கச் சொல்லுங்கள். எண்ணியவர்களிடம் தவறல் எத்தனை என்று கேளுங்கள். சுடுபவர், குழல் வாய் மேல்நோக்கியோ இலக்குப் பக்கமோ இருக்க, நேரே தோட்டா எடுக்கும் மேசைக்குப் போக வேண்டும். அங்கே இருப்பவர் நான்கு துப்பாக்கிகளையும், ரிவால்வரில் ஒவ்வொரு அறையாக, காலி என்று பார்த்துச் சொல்வார். முன்னே கிடக்கும் காலித் தோட்டாக்களை யாராவது பொறுக்கிக்கொண்டிருந்தால், அவர் திரும்பி வரும்வரை அடுத்தவரை அழைக்காதீர்கள்.