சூரியன் மறையும் நேரத்தை அழித்து எழுதாதீர்கள்

போன டிசம்பரில் தனுஷ்கோடி போகும் வழியில், கோதண்டராமர் கோயிலைத் தாண்டித் தெற்குக் கரையில் நாலைந்து கல்லூரிப் பையன்கள் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். சூரியன் மறையும் நேரத்தைக் குறிக்கிறார்களாம். ஒருவன் மட்டும் பழைய பக்கத்தை ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். "வாட்ச் தப்பா ஓடியிருக்குண்ணே. டிசம்பர் 21 வரைக்கும் சூரியன் முந்தி முந்தி மறையணும்ல? இது பிந்திக்கிட்டே போகுது" என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

வெறும் கண்ணால் சூரியனை உற்றுப் பார்க்கக் கூடாது, தண்ணீர் பாட்டில் வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்: உதயமும் மறைவும் குறிப்பவர்கள் செய்யும் தவறுகள் இவை.

குறும்பகல் நாளில்தான் சூரியன் சீக்கிரம் மறையும் என்று நம்புவது

பகல் மிகக் குறுகிய நாள் டிசம்பர் 21 அல்லது 22. அதில் வழக்கே இல்லை. ஆனால் மிகச் சீக்கிரம் மறையும் நாள் அது இல்லை. மிகத் தாமதமாக உதிக்கும் நாளும் அது இல்லை. ராமேசுவரத்தில் சூரியன் மிக முந்தி மறைவது கார்த்திகை பிறக்கும் வாக்கில், மாலை 5.48க்கு. பகல் மிகக் குறுகிய அந்த நாளில், அதாவது கதிர்த்திருப்பத்தன்று, 5.58 ஆகிவிடும். உதயம் மிகவும் பிந்துவது ஜனவரி கடைசியில், 6.34க்கு. கதிர்த்திருப்பத்தன்று 6.23தான். ஒன்றிரண்டு நிமிடம் இப்படி அப்படி இருக்கலாம், போக்கு மாறாது.

இது தெரியாமல் ஒரு வருடம் நவம்பர் நடுவிலிருந்து மேகம் விட்ட மாலைகளில் எல்லாம் அந்தக் கரைக்கு பைக்கில் போனேன். வாடைக் காற்றில் கண்ணெல்லாம் மணல். டிசம்பர் முதல் வாரத்திலேயே நேரம் பிந்த ஆரம்பித்தது. புத்தகத்தில் படித்தது ஒன்று, கடல் காட்டுவது வேறொன்று. நான் யாரை நம்பினேன்? புத்தகத்தை! கடிகாரம்தான் வேகமாக ஓடுகிறது என்று முடிவுகட்டி, எழுதியதை எல்லாம் அழித்து "திருத்தி" எழுதினேன். அப்புறம் ஒரு நாள் வானொலிச் செய்தி நேரத்தோடு ஒத்துப் பார்த்தால், கடிகாரம் கச்சிதம். உண்மையான எண்கள் மட்டும் போயே போய்விட்டன. அடுத்த வருடம் மறுபடி எடுக்கலாம் என்று பார்த்தால் கார்த்திகை முழுக்க மழை. இன்றைக்கும் அந்த நோட்டைப் பார்த்தால் ஆத்திரம்தான் வருகிறது.

ஏன் இப்படி? சூரியன் வானில் மிக உயரத்தில் நிற்கும் உச்சிப்பொழுதே கடிகாரத்தில் இடம் மாறுகிறது. பூமி ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகே வரும். அதை ஒட்டிய நாட்களில் தன் பாதையில் வேகமாக ஓடும். அச்சின் சாய்வும் இதே திசையில் சேர்ந்துகொள்கிறது. அதனால் ஒரு உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் நடுவே டிசம்பர் கடைசியில் 24 மணி நேரத்துக்கு மேல் இன்னும் 30 விநாடி பிடிக்கிறது. தினம் அரை நிமிடம் என்றால் அற்பமாகத் தெரியும். சேர்த்துப் பாருங்கள்: ராமேசுவரத்தில் உச்சிப்பொழுது நவம்பர் நடுவில் 11.57, டிசம்பர் 21இல் 12.11, ஜனவரி முடிவில் 12.26. அந்த முதல் ஐந்து வாரத்தில் பகல் குறைவது வெறும் 7 நிமிடம். மாலையின் பங்கு அதில் பாதி. உச்சி 14 நிமிடம் தள்ளிப்போகும்போது மூன்றரை நிமிடக் குறைவு எப்படி ஈடுகொடுக்கும்?

லண்டனில் பகல் சடசடவென்று சுருங்குவதால் முந்திய மறைவு டிசம்பர் 12 வாக்கில் வந்து, கதிர்த்திருப்பத்தோடு கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்ளும். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க இடைவெளி அகலும். நாம் ரேகைக்கு வடக்கே 9 பாகையில் இருக்கிறோம், அதனால்தான் ஒரு மாதத்துக்கு மேல் வித்தியாசம். பாடத்தில் இந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தால் என் நோட்டு பிழைத்திருக்கும்.

சென்னை நேரத்தோடு நாலு நிமிடம் கூட்டுவது

ராமேசுவரம் சென்னைக்கு ஏறத்தாழ ஒரு பாகை மேற்கே இருக்கிறது, ஆகவே நாலு நிமிடம் கூட்டு என்பார்கள். கதிர்த்திருப்பத்தன்று சென்னையில் உதயம் 6.26, மறைவு 5.48. இங்கே 6.23, 5.58. மேற்கே இருக்கிற நம் ஊரில்தான் சூரியன் முந்தி உதிக்கிறது! தெற்கே போகப் போகக் குளிர்காலப் பகல் நீளும் என்பதை மறந்துவிடுகிறார்கள். காலண்டர் தாளில் இருப்பது எந்த ஊர் நேரம் என்று முதலில் பாருங்கள்.

வெளிநாட்டுக் கணக்கை மனதில் வைப்பது

லண்டனில் கதிர்த்திருப்பத்தன்று பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. இங்கே 11 மணி 35 நிமிடம். ஜூனில் 12 மணி 40. வருடம் முழுக்க ஆடினாலும் ஒரு மணி ஐந்து நிமிடம்தான்.

தை முதல் நாளில் சூரியன் வடக்கே திரும்புகிறது என்பது

மார்கழி முதல் வாரத்திலேயே திரும்பிவிடுகிறது.

நேர் கிழக்கே பார்த்து நிற்பது

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் கேமராவைக் கிழக்கே நிறுத்திவிட்டுக் காத்திருப்பவர்களை வருடாவருடம் பார்க்கிறேன். கதிர்த்திருப்பத்தன்று சூரியன் கிழக்கிலிருந்து 24 பாகை தெற்கே எழும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி சுமார் 10 பாகை. வலப்பக்கம் இரண்டரை முஷ்டி தள்ளிப் பாருங்கள். மாலையில் மேற்கே பார்த்து நின்றால் இடப்பக்கம் அதே அளவு. ஆண்கடல் என்று நம்மவர்கள் சொல்லும் மன்னார் வளைகுடாவில் இறங்கும்.

அடி விளிம்பு தொட்டதும் எழுதுவது

மேல் விளிம்பு மறைய வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

மேகத்துக்குள் போனதைக் குறிப்பது

அது மறைவு இல்லை. அந்தத் தேதியில் கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

பென்சில்

வேண்டாம். பேனா. எண் தவறென்று தோன்றினால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.