24 மணி நேரத்தில் விட்டுவிடுவார்களா? உரிமை விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவில், செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ ஒரு பையனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால், வீட்டுக்கு வரும் முதல் ஆறுதல் “24 மணி நேரத்தில் விட்டுத்தான் ஆகவேண்டும், சட்டம் அப்படி” என்பதுதான். சொல்பவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் அதை நம்பி வீட்டில் சும்மா காத்திருக்கும் அந்த ஒரு நாள், லாயர் ஒருவரால் அதிகம் உதவ முடிந்த நாள்.

கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது விதி சொல்வது வேறு. கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அவர் அனுமதி இல்லாமல் அதற்குமேல் அடைத்து வைக்கக்கூடாது. அனுமதி கிடைத்துவிட்டால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆவது பிரிவின் கீழ் ரிமாண்ட், அதாவது விசாரணைக் காவல், தொடங்கும். 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத்தண்டனை உள்ள குற்றம் என்றால் முதலில் 4 நாள் வரை, அப்புறம் 3 நாள் வரை. அதைவிடக் கடுமையானது என்றால் 7 நாள், மீண்டும் 7 நாள். குண்டர் கும்பல் சந்தேகத்தில் சொஸ்மா என்னும் பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்புச் சட்டத்தின் கீழ் பிடித்திருந்தால் கணக்கே மாறிவிடும்: மாஜிஸ்திரேட்டிடம் போகாமலேயே 28 நாள் வரை வைத்திருக்கலாம். அதனால் போலீஸ் நிலையத்தில் “எப்போது விடுவீங்க?” என்று கேட்பதற்கு முன், “எந்தச் சட்டம், எந்தப் பிரிவு?” என்று கேளுங்கள். கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குத் தெரிவிப்பது அதே 5-ஆவது விதி போலீசுக்கு விதித்த கடமை.

ரிமாண்ட் விசாரணை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். போலீஸ் இத்தனை நாள் வேண்டும் என்று கேட்கும். எதிர்த்துப் பேச ஆள் இல்லை என்றால் மாஜிஸ்திரேட் காதில் விழுவது ஒரு பக்கக் கதைதான். லாயர் இருந்தால், ‘வாக்குமூலம் வாங்கியாயிற்று, கைபேசியை எடுத்தாயிற்று, இன்னும் எதற்கு 4 நாள்?’ என்று கேட்பார். அடி விழுந்திருந்தால், மருந்து சாப்பிடும் ஆளாக இருந்தால், அதைச் சொல்லும் இடமும் இதுதான். பையனே கையைத் தூக்கி மாஜிஸ்திரேட்டிடம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். காவலில் மாண்டவர்களின் பெயர்களை இந்தச் சமூகம் மறக்கவில்லை. அதனால் இதை நான் சும்மா சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை.

பணம் இல்லை என்று லாயரை விட்டுவிடுவதும் தவறு. வசதியில்லாத குடிமக்களுக்காகத் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. கைது, ரிமாண்ட் கட்டத்திலேயே அதன் லாயர்கள் வருவார்கள். ஆனால் நம்மில் பலர் முதல் போனை ஒய்.பி.க்கும் (தொகுதியின் மக்கள் பிரதிநிதி), இரண்டாவதைக் கோவில் தலைவருக்கும், மூன்றாவதை ‘உள்ளே ஆள் தெரிந்த’ அண்ணனுக்கும் போடுகிறோம். ஒய்.பி. விசாரிக்கலாம், தப்பில்லை. நீதிமன்றத்தில் உங்களுக்காக நின்று வாதாட அவரால் முடியாது. சட்டம் நமக்குக் கொடுத்த ஒன்றை யாரோ ஒருவரின் தயவாக வாங்கிப் பழகிவிட்டோம்; நம்மை அதிகம் பலவீனப்படுத்துவது இந்தப் பழக்கம் என்றுதான் நான் நினைக்கிறேன். காசு வாங்கிக்கொண்டு ‘பேசி முடிக்கிறேன்’ என்பவரைப் பக்கத்திலேயே விடாதீர்கள்.

பிடிபட்டவருக்கும் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். முதலில், தான் கைதாகியிருக்கிறோமா, வெறும் விசாரணையா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது. மலாயில் பணிவாக, “துவான், சாயா கெனா தங்காப் கா?” என்றால் போதும். கைது என்றால், அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவின்படி உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லவும், லாயரிடம் பேசவும் வாய்ப்புத் தர வேண்டும். லாயர் வர நியாயமான நேரம் வரை விசாரணையைத் தள்ளிப்போட வேண்டும். கூட்டாளி தப்பிவிடுவான், சாட்சியம் அழிந்துவிடும் என்று போலீஸ் கருதினால் இதற்கு விலக்கு உண்டு. ஆனாலும் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

அடுத்தது வாக்குமூலம். அதே சட்டத்தின் 112-ஆவது பிரிவின் கீழ் போலீஸ் கேட்கும்போது, பதில் தன்னையே குற்றவாளியாக்கும் என்றால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். சொன்னதை அவர்கள் எழுதியபின், நீங்கள் சொன்ன மொழியிலேயே அதை வாசித்துக் காட்ட வேண்டும், திருத்த வாய்ப்புத் தர வேண்டும், அப்புறம்தான் கையெழுத்து. தமிழில் பேசிய ஒரு பாட்டி முன்னால் மலாயில் எழுதிய நாலு பக்கத்தை நீட்டி “இங்கே சைன் போடுங்கம்மா” என்றால், பாட்டி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “தமிழில் படிச்சுக் காட்டச் சொல்லுங்க” என்று கேட்கலாம். அது திமிர் இல்லை, சட்டம் சொல்லும் முறை. வீட்டுப் பெரியவர்களுக்கு இதை இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம்: கொண்டோ (அடுக்குமாடி) வாசலில் காவலாளி கேட்டால் ஐ.சி.யை (அடையாள அட்டையை) கொடுத்துவிட்டுப் போவது. விவரத்தைக் குறித்துக்கொள்ளட்டும், கார்டைப் பிடித்து வைக்க அவருக்கு அதிகாரம் கிடையாது.

பேச்சுரிமையில் நாம் இரண்டு பக்கமும் தவறு செய்கிறோம். ஒரு சாரார் ‘நான் எழுதவில்லை, ஷேர் மட்டும்தானே பண்ணேன்’ என்கிறார்கள். அரசியலமைப்பின் 10-ஆவது விதி தரும் பேச்சுச் சுதந்திரத்துக்கு அதே விதியிலேயே வரம்பு போட நாடாளுமன்றத்துக்கு இடம் இருக்கிறது. தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவுக்கு நீங்கள் எழுதினீர்களா, புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்ததைத் தட்டிவிட்டீர்களா என்பது பெரிய வித்தியாசம் இல்லை. 2025-இல் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவோ, உங்கள் பெயரில் வெளியானதை நீங்கள்தான் வெளியிட்டீர்கள் என்று அனுமானிக்கிறது. இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில். புலனக் குழுவுக்கு அட்மினாக இருப்பவர்கள் கொஞ்சம் கவனமாக இருப்பது நல்லது.

இன்னொரு சாரார் பயந்து வாயே திறப்பதில்லை. இதுவும் அதே அளவு கெடுதல். 1948-ஆம் ஆண்டு நிந்தனைச் சட்டம்கூட, அரசாங்கத்தின் தவறைத் திருத்தும் நோக்கில் சுட்டிக்காட்டுவதை நிந்தனை ஆகாது என்கிறது. வடிகால் அடைத்துக்கொண்டு வெள்ளம் வருகிறது, தமிழ்ப்பள்ளிக்குக் கூரை ஒழுகுகிறது என்று பெயர் போட்டு எழுதுங்கள். ஆளைப் பற்றியோ மதத்தைப் பற்றியோ வசை வேண்டாம்; நடந்ததை, தேதியோடு, படத்தோடு எழுதினால் போதும்.

கூட்டம் கூடுவதிலும் பழைய பயம் போகவில்லை. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் ஹிண்ட்ராப் என்னும் இந்தியர் உரிமை இயக்கத்தின் பேரணியில் கண்ணீர்ப்புகை சுவாசித்த தலைமுறைக்கு ‘பெர்மிட்’ என்ற சொல் மனதில் பதிந்துவிட்டது. 2012-ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டத்தில் பெர்மிட் கிடையாது. 5 நாள் முன்னதாகப் போலீசுக்கு அறிவிப்புக் கொடுக்கச் சொல்கிறது. அறிவிப்புக் கொடுக்காததைக் குற்றமாக்கித் தண்டிப்பது செல்லாது என்று 2025 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருந்தாலும் ஏற்பாட்டாளர்கள் அறிவிப்பைக் கொடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் வரும் பாதி வாக்குவாதம் குறையும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: 10-ஆவது விதியின் உரிமை குடிமக்களுக்கு மட்டும். சிவப்பு ஐ.சி. வைத்திருக்கும், அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியான, தாத்தாவை ஆர்வத்தில் பேரணிக்குக் கூட்டிப் போனால், கலந்துகொண்டதே அவர் மீது குற்றமாகலாம்.

அதே சமயம், குடிமகன் இல்லை என்றால் உரிமையே இல்லை என்று நினைப்பது இன்னும் பெரிய தவறு. 5-ஆவது விதியும், சட்டத்தின் முன் சமம் என்னும் 8-ஆவது விதியும் ‘எந்த நபருக்கும்’ பொருந்தும்படி எழுதப்பட்டவை. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதிச் சாப்பாட்டுக் கடையில் தோசை ஊற்றும் தமிழ்நாட்டுத் தம்பியும் அந்த நபர்தான். அவன் பாஸ்போர்ட்டை ‘பத்திரமா இருக்கட்டும்’ என்று முதலாளி மேசை டிராயரில் போட்டுப் பூட்டுவது நம் கடைகளிலும் நடக்கிறது. பெரும்பாலும் முதலாளியும் தமிழர்தான். அடுத்தவர் பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின்படி குற்றம். கடை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், டிராயரில் இருப்பதை எடுத்து அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள். கேட்டும் கொடுக்காவிட்டால் தம்பி தொழிலாளர் இலாகாவிடம் புகார் செய்யலாம், கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தையும் நாடலாம். முதல் பக்கத்தையும் வேலை பெர்மிட் பக்கத்தையும் படம் எடுத்துக் கைபேசியிலும், ஊரில் நம்பிக்கையான ஒருவரிடமும் வைத்திருப்பது நல்லது. பாஸ்போர்ட்டே கையில் இல்லாத நாளில் சோதனை வந்தால், தான் யார் என்று காட்ட முதலில் உதவுவது அந்தப் படம்தான்.